இணையக் கடையில் விற்கும் விளையாட்டும் அதனுள் ஒலிக்கும் பாடலும்: இசை உரிமத் தகராறுகள் தமிழாய்வுக்கு எழுப்பும் வினாக்கள்

முன்னுரை

காணொளி விளையாட்டை ஒரு பனுவலாகக் கொண்டு ஆராய்வது தமிழாய்வுக்குப் புதிது. ஆயினும் அதற்கான தேவை வந்துவிட்டது. 2023 ஜூலை 31 அன்று கனடாவின் டொராண்டோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் நிறுவனம் 'வெண்பா' என்னும் விளையாட்டை வெளியிட்டது. 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவுக்குப் புலம்பெயர்ந்த ஒரு குடும்பத்தின் சமையலறையே அதன் களம். அது கடையடுக்கில் வைத்து விற்கப்படும் பொருளாக அன்றி, ஸ்டீம், நிண்டெண்டோ முதலிய இணையக் கடைகள் வழியாகவே உலகெங்கும் முதலில் சென்றது. நியூ ஜெர்சியின் மான்மவுத் ஜங்ஷனில் உள்ள ஒரு தமிழ் இல்லத்துக்கும் சென்னையில் உள்ள ஓர் இல்லத்துக்கும் அது ஒரே நாளில் கிடைத்தது.

இவ்வகைப் பனுவலுக்கு ஓர் இடர் உண்டு. அது தமிழாய்வாளருக்குப் பழக்கமானதன்று. ஏட்டுச் சுவடி செல்லரித்தும், இசைத்தட்டு கீறலுற்றும், ஒலிநாடா பூசணம் பூத்தும் அழிந்தன. இணையக் கடையில் விற்கும் விளையாட்டோ எவ்விதச் சிதைவும் இன்றியே மறையக்கூடும். அதனுள் ஒலிக்கும் ஒரு பாடலின் உரிமத் தவணை முடிவதே அதற்குப் போதும். இவ்விடர் எவ்வாறு நேர்கிறது, அமெரிக்காவில் அது பற்றி எழுந்த தகராறுகள் எவை, தமிழ்த் திரையிசையை விளையாட்டில் சேர்க்க முனைவோர் எதிர்கொள்ளும் சிக்கல் யாது என்பவற்றை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

ஒரு பாடல், இரண்டு உரிமைகள்

மான்மவுத் ஜங்ஷன் அமைந்துள்ள மிடில்செக்ஸ் மாவட்டத்திலேயே மென்லோ பார்க் என்னும் இடமும் உள்ளது. 1877இல் தாமஸ் ஆல்வா எடிசன் ஒலியைப் பதிந்து மீட்டும் கருவியை உருவாக்கியது அங்கேதான். அவ்விடம் இன்று அவர் பெயரையே தாங்கிய எடிசன் நகர்ப்பகுதிக்குள் அடங்குகிறது; தமிழர் செறிந்து வாழும் ஊர்களுள் அதுவும் ஒன்று. ஒலியைப் பதியலாம் என்றானபின், 'பாடல் யாருடையது?' என்னும் கேள்வி இரண்டாகப் பிரிந்தது: எழுதி இசையமைத்தவரின் ஆக்கம் ஒன்று, அதைப் பாடி இசைத்துப் பதிந்த ஒலிப்பதிவு மற்றொன்று.

புதிய ஊடகம் தோன்றும்போதெல்லாம் பழைய உரிமை அதனைத் தழுவுமா என்ற ஐயம் எழுவது இத்துறையின் இயல்பு. துளையிட்ட காகிதச் சுருளைக் கொண்டு தானே இசைக்கும் பியானோக்கள் பரவியபோது, அச்சுருள் இசைக்குறிப்பின் படியாகாது என்று 1908இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. இசையமைப்பாளர்களுக்கு அதனால் ஒரு காசும் கிடைக்கவில்லை. மறு ஆண்டே அமெரிக்கப் பேரவை சட்டத்தை மாற்றியது. ஒருவர் ஒரு பாடலை இயந்திரப் பதிவாக்க இசைந்துவிட்டால், பின்னர் எவரும் படியொன்றுக்கு 2 சென்ட் செலுத்தி அதே பாடலைத் தாமும் பதியலாம் என்ற கட்டாய உரிம முறை அப்போது பிறந்தது. தொகை மாறினும் அம்முறை இன்றும் நடப்பிலுள்ளது.

அக்கட்டாய உரிமம் கேட்பதற்கான பதிவுகளுக்கு மட்டுமே உரியது என்பதை இங்குக் கருத்திற் கொள்ள வேண்டும். இசையைக் காட்சியோடு பொருத்துவோர் அதன் நிழலில் ஒதுங்க இயலாது. விளையாட்டு என்பது சட்டத்தின் பார்வையில் ஒலி-ஒளிப் படைப்பு. எனவே அதில் ஒரு பாடலைச் சேர்க்க விரும்புவோர் இரு இசைவுகளைப் பெறல் வேண்டும். சொல்லும் மெட்டும் எவருக்கு உரியனவோ அவரிடமிருந்து, காட்சியோடு பொருத்துவதற்கான உரிமம். ஒலிப்பதிவு எந்நிறுவனத்துக்கு உரியதோ அதனிடமிருந்து, மூலப்பதிவைப் பயன்படுத்தும் உரிமம். இரண்டில் ஒன்று மறுக்கப்பட்டாலும் பாடல் இல்லை. விலைக்கு வரம்பும் இல்லை, கேட்பதுதான் விலை.

வட்டில் விற்றதும் இணையக் கடையில் விற்பதும்

விளையாட்டுகள் வட்டிலும் பேழையிலும் விற்கப்பட்ட காலத்தில், உரிமத்துக்குத் தவணை குறிப்பதால் பெரும் தொல்லை எழவில்லை. தவணைக்குள் அச்சிட்ட படிகள் விற்றுத் தீரும்; வாங்கியவர் வீட்டில் அவ்வட்டு இருக்கும்; பாடலும் அதனுள் இருக்கும். சட்டப்படி விற்ற படியை மறுபடி விற்கவும் இரவல் தரவும் வாங்கியவருக்கு உரிமை உண்டு. நூலகங்கள் இயங்குவது அந்நெறியின் மேல்தான்.

இணையக் கடையில் ஒவ்வொரு விற்பனையும் புதிய படியெடுத்தல் ஆகிறது. பத்தாண்டு கழித்து ஒருவர் வாங்கினாலும் அன்று அவருக்காக ஒரு படி உருவாகிறது. அன்று உரிமம் உயிரோடு இருத்தல் வேண்டும். கடையடுக்கில் பொருள் தீர்ந்துபோவதில்லை என்பது இணையக் கடையின் பெருமை. அப்பெருமையே உரிமத் தவணையோடு அதனை மோதவைக்கிறது.

சில நிகழ்வுகளைக் காணலாம். பின்லாந்து நாட்டின் ரெமெடி நிறுவனம் ஆக்கிய 'ஆலன் வேக்' என்னும் விளையாட்டு, இசை உரிமங்கள் முடிவுற்றமையால் 2017 மே மாதத்தில் இணையக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. நீக்குவதற்கு முன் பெருந்தள்ளுபடியில் அதனை விற்றுத் தீர்த்தனர். உரிமங்கள் புதுப்பிக்கப்பட்டபின் 2018 அக்டோபரில் அது மீண்டும் விற்பனைக்கு வந்தது. இங்கு விளையாட்டு மறைந்து மீண்டது, பாடல்கள் மாறவில்லை. ஆனால் 2024இல் அதே விளையாட்டிலிருந்து டேவிட் பௌவியின் பாடலொன்று நீக்கப்பட்டு, வேறொரு புதுப்பாடல் அவ்விடத்தில் வைக்கப்பட்டது. அப்பாடல் கதை முடியும் இடத்தில் ஒலித்தது. ஆசிரியர் கருதியே அமைத்த முத்தாய்ப்பு அது.

'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வரிசையின் நான்காம் விளையாட்டில் நிகழ்ந்தது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. 2008 ஏப்ரலில் வெளியான அதில், வண்டியோட்டும்போது கேட்கும் வானொலி நிலையங்கள் பல உள்ளன. பத்தாண்டு உரிமம் 2018 ஏப்ரலில் முடிந்தது. ஒரு புதுப்பிப்பின் வழியாகப் பல பாடல்கள் அகற்றப்பட்டன. ரஷ்யப் பாடல்களை ஒலிபரப்பும் 'விளாடிவஸ்தாக்' நிலையமே மிகுதியும் பாதிப்புற்றது. ஏற்கெனவே விலைகொடுத்து வாங்கியவரின் கணினியில் இருந்த படியும் அப்புதுப்பிப்பால் மாறியது. கதைத் தலைவன் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து புலம்பெயர்ந்து வந்தவன். அவன் கேட்கும் வானொலி அவனது ஊர் நினைவைச் சுமப்பது. புலம்பெயர் இலக்கியத்தில் பாடல் ஆற்றும் பணியை அறிந்தோர், இழப்பு எத்தகையது என்பதை உணர்வர்.

'கிரேஸி டாக்ஸி' 2010இல் இணையக் கடைகளில் மறுவெளியீடு பெற்றபோது, 1999இன் மூலத்தில் ஒலித்த ராக் பாடல்கள் அதில் இல்லை. 'ராக் பேண்ட் 4' வெளியாகிப் பத்தாண்டு நிறைந்ததும் 2025 அக்டோபரில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்டது. பாடலை இசைப்பதே அவ்விளையாட்டின் பொருளாதலால் அங்கு மாற்றிவைக்க வேறொன்றும் இல்லை.

கலிபோர்னியா மாநிலம் 2024இல் இயற்றிய சட்டமொன்று 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. இணையக் கடைகள் 'வாங்குக' என்ற சொல்லைப் பயன்படுத்துமாயின், வாடிக்கையாளர் பெறுவது உடைமையன்று, உரிமம் மட்டுமே என்பதைத் தெளிவாக அறிவித்தல் வேண்டும் என்கிறது அது. இணைப்பின்றிப் பயன்படுத்துமாறு நிரந்தரமாக இறக்கிவைத்துக்கொள்ளத்தக்க பொருள்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. இச்சட்டம் உண்மையைச் சொல்லவைக்கிறது, நிலைமையை மாற்றவில்லை.

டெக்சஸிலிருந்து ஒரு வழக்கு

மேற்கண்டவற்றில் உரிமம் இருந்தது, தவணை முடிந்தது. உரிமம் இருந்ததா என்பதே கேள்வியான வழக்கு ஒன்றும் உண்டு. தமிழ்த் திரையிசை வழக்குகளோடு அதற்குள்ள ஒற்றுமை கருதி அதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

டெக்சஸ் மாநிலத்தில் டாலஸ் அருகேயுள்ள கார்லண்ட் நகரின் 3டி ரெல்ம்ஸ் நிறுவனம் 1996இல் 'டியூக் நியூகெம் 3டி' என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதற்கு இசையமைத்தோருள் ஒருவர் பாபி பிரின்ஸ். பின்னர் 2010இல் அவ்விளையாட்டின் உரிமைகள் அதே மாநிலத்தைச் சேர்ந்த கியர்பாக்ஸ் நிறுவனத்தின் கைக்குச் சென்றன. 2016இல், இருபதாம் ஆண்டு நிறைவை ஒட்டி அந்நிறுவனம் அதனைப் புதுப்பித்து, வால்வ் நிறுவனம் நடத்தும் ஸ்டீம் உள்ளிட்ட இணையக் கடைகளில் விற்றது. 2019 செப்டம்பரில் பிரின்ஸ் வழக்குத் தொடுத்தார்.

அவர் மனுவில் கூறியவற்றின் சாரம் இது: இசையின் உரிமை என்றும் தம்மிடமே இருந்தது; பழைய நிறுவனத்துக்குத் தாம் தந்தது, விற்கும் படிக்கு இவ்வளவு என்ற உரிமத்தொகைக்கு ஈடான வரம்புற்ற உரிமமே; புதிய நிறுவனம் தம்மிடம் உரிமம் பெறாமலும் தொகை தராமலும் அதே இசையைப் பயன்படுத்தியது; விளையாட்டை நீக்குமாறு தாம் அனுப்பிய அறிவிப்பை இணையக் கடை ஏற்கவில்லை. இவை வழக்குத் தொடுத்தவரின் கூற்றுகள் என்பதை வாசகர் நினைவிற் கொள்க. வழக்கு எங்ஙனம் முடிந்தது என்பதைக் காட்டிலும் அது எழுப்பிய இரு வினாக்களே நமக்கு வேண்டுவன.

முதல் வினா: ஒரு விளையாட்டின் உரிமையை வாங்கியவர் அதனுள்ளிருக்கும் இசையின் உரிமையையும் வாங்கியவர் ஆவாரா? வீட்டை வாங்கியவர், அவ்வீட்டில் முன்னிருந்தவர் வாடகைக்கு எடுத்து வைத்திருந்த வீணையையும் வாங்கியதாகாது. விற்றவரிடம் எது இருந்ததோ அதுவே கைமாறும். இருபதாண்டுக்கு முந்தைய ஒப்பந்தத்தாளில் என்ன எழுதியிருக்கிறது, அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்பவற்றில்தான் எல்லாம் அடங்கியுள்ளது.

இரண்டாவது வினா: கடைக்காரரின் பொறுப்பு யாது? 1998இல் அமெரிக்கா இயற்றிய மின்னிலக்கப் பதிப்புரிமைச் சட்டம், பிறர் பதிவேற்றும் உள்ளடக்கத்தைத் தாங்கிநிற்கும் இணையச் சேவைகளுக்கு ஒரு பாதுகாப்பை நல்கியது. உரிமையாளரின் அறிவிப்பு கிடைத்ததும் தாமதமின்றி நீக்கினால், அச்சேவை இழப்பீட்டுப் பொறுப்பிலிருந்து விலகிநிற்கலாம். நீக்கவில்லை எனில் அப்பாதுகாப்பை இழக்க நேரிடும். விளைவாக, வழக்கு மன்றத்தில் உரிமை யாருடையது என்று முடிவாகுமுன்பே, ஓர் அறிவிப்புக் கடிதத்தாலேயே ஒரு படைப்பு கடையிலிருந்து இறங்கிவிடக்கூடும். நீக்காதிருப்பது கடைக்கு இடர்; நீக்குவது படைப்பாளிக்கு இடர்.

வளைகுடாப் பகுதியின் சான் மட்டேயோவைத் தலைமையிடமாகக் கொண்ட ரோப்ளாக்ஸ் நிறுவனத்தின் மீது, இசைப் பதிப்பாளர்கள் 2021 ஜூனில் 20 கோடி டாலர் கோரித் தொடுத்த வழக்கும் இவ்வகையினதே. ரோப்ளாக்ஸில் பயனர்களே, பெரும்பாலும் சிறுவர்கள், விளையாட்டுகளை ஆக்கி அதில் பாடல்களை ஏற்றுகின்றனர். அவ்வழக்கு அதே ஆண்டு செப்டம்பரில் இணக்கமாக முடிந்தது. மான்மவுத் ஜங்ஷனிலும் ஃப்ரீமாண்டிலும் வளரும் தமிழ்ச் சிறுவர், தாம் ஆக்கிய விளையாட்டில் தந்தை காரில் கேட்கும் பாட்டொன்றைச் சேர்க்க விழைவது இயல்பு. அச்செயல் எத்தனை பேரின் இசைவைக் கோருகிறது என்பதை அடுத்துக் காண்போம்.

தமிழ்ப் பாடலின் உரிமை யாரிடம்?

தமிழில் இக்கேள்வி புதிதன்று. பாரதியார் பாடல்களின் வரலாறே இதற்குத் தலைசிறந்த சான்று. அவருடைய நூல்களை அச்சிடும் உரிமை அவர்தம் தம்பி சி. விசுவநாதனிடம் இருந்தது. அப்பாடல்களை இசைத்தட்டிலும் திரைப்படத்திலும் பயன்படுத்தும் உரிமையோ ஏவி. மெய்யப்ப செட்டியாரிடம் சென்றிருந்தது. ஊடகம் பிரிந்தபோது உரிமையும் பிரிந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' திரைப்படத்தில் பாரதி பாடலொன்று இடம்பெற்றபோது தகராறு நீதிமன்றத்தை எட்டியது. நாடெங்கும் எழுந்த குரலின் பயனாக 1949இல் சென்னை மாகாண அரசு அவ்வுரிமைகளைப் பெற்றது. பின்னர் அவை பொதுமக்களுக்கு உரியவாயின. ஆகவே இன்று ஒருவர் பாரதியின் பாடலைத் தம் விளையாட்டில் புதிதாகப் பாடிச் சேர்க்கலாம்; கேட்க வேண்டியவர் எவருமில்லை. ஆனால் புகழ்பெற்ற பாடகர் ஒருவர் பாடிய இசைத்தட்டை அப்படியே எடுத்துச் சேர்த்தல் இயலாது. சொல் பொதுவானது, மெட்டும் ஒலிப்பதிவும் அங்ஙனம் ஆகா.

திரையிசைக்கு வருவோம். 1977இல் இந்திய உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று, தயாரிப்பாளர் ஊதியம் தந்து ஆக்கச்செய்த இசைக்கு, மாறான ஒப்பந்தம் இல்லாவிடில், அவரே முதல் உரிமையாளர் என்றது. நெடுங்காலம் திரையுலகம் அவ்வழியே நடந்தது. தயாரிப்பாளர் பாடல் உரிமையை இசைத்தட்டு நிறுவனத்துக்கு விற்பார். அது ஒலிநாடாவாகவும் குறுந்தட்டாகவும் வெளியாகும். இசையமைப்பாளருக்குக் கிடைத்தது பெரும்பாலும் முதல் ஊதியமே. 2012இல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமத்தொகையில் தமக்குரிய பங்கைக் கைவிடும் ஒப்பந்தம் செல்லாது என்றானது. அதே திருத்தத்தில் நம் பொருளுக்கு நேராக உரிய ஒரு விதியும் உண்டு. உரிமை மாற்றம் எழுதப்பட்ட நாளில் இல்லாத, அல்லது வணிக வழக்கில் வராத ஊடகத்துக்கு, அது வெளிப்படையாகக் குறிக்கப்பட்டாலன்றி, அவ்வுரிமை மாற்றம் செல்லாது என்பதே அவ்விதி. பியானோச் சுருள் எழுப்பிய ஐயத்துக்கு நூறாண்டு கழித்து எழுதப்பட்ட விடை எனலாம். எனினும் 1980களில் கையெழுத்தான தாள்களுக்கு இவ்விதி பின்னோக்கிப் பொருந்துமா என்பது வாதத்துக்குரியது.

இளையராஜா தொடுத்த வழக்குகளும் அனுப்பிய அறிவிப்புகளும் இப்பின்னணியில் வைத்துக் காணத்தக்கன. 2017 மார்ச்சில், தம் இசைப்பயணத்தின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டி எஸ்.பி. பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் நிகழ்ச்சிகள் நடத்திக்கொண்டிருந்தபோதே அறிவிப்பு அவருக்கு வந்தது. எஞ்சிய மேடைகளில் இளையராஜாவின் பாடல்களைப் பாடப்போவதில்லை என அவர் அறிவித்தார். அமெரிக்கத் தமிழர் பலர் 'பதிப்புரிமை' என்ற சொல்லின் கனத்தை முதன்முதலாக உணர்ந்த தருணம் அதுவாக இருக்கலாம். மலேசிய நிறுவனமான அகி மியூசிக் உள்ளிட்டோர் தொடர்பான வழக்கில், 2019 ஜூன் 4 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. தம் ஆக்கங்களின் மேல் இசையமைப்பாளருக்குள்ள தார்மிக உரிமையை அத்தீர்ப்பு வலியுறுத்தியது. பின்னர் அது மேல்முறையீட்டுக்கும் சென்றது. 2025இல் 'குட் பேட் அக்லி' திரைப்படத்தில் தம் பழைய பாடல்கள் இசைவின்றிப் பயன்பட்டதாக அவர் வழக்குத் தொடுக்க, செப்டம்பரில் அதே நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. படம் நெட்ஃப்ளிக்ஸ் தளத்திலிருந்து இறக்கப்பட்டது. அவ்வழக்கிலும் தயாரிப்புத் தரப்பு, ஒலிப்பதிவு நிறுவனங்களிடம் உரிய இசைவு பெற்றதாகவே கூறியது. டெக்சஸ் வழக்கின் முதல் வினாதான் இது: இசைவு தந்தவரிடம் தருவதற்கு அது இருந்ததா?

இசையமைப்பாளரைப் பேராசைக்காரர் என்றும், மறுபுறம் நிறுவனங்களைக் கொள்ளையர் என்றும் ஏசும் வழக்கம் நம்மிடையே பெருகியுள்ளது. இரண்டும் ஆய்வாளருக்கு உதவா. ஒப்பந்தங்களை அக்காலத்தில் எவரும் எதிர்காலம் கருதி எழுதவில்லை என்பதே நேரிய மதிப்பீடு. வாய்ச்சொல்லாலும் ஒற்றைத் தாளாலும் இயங்கிய தொழில் அது.

காலக்கணக்கும் நாட்டுக்கு நாடு மாறுகிறது. இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டின் இறுதியிலிருந்து 60 ஆண்டுகள். பாடல் வரிக்கும் மெட்டுக்கும், ஆக்கியோர் மறைந்த ஆண்டின் இறுதியிலிருந்து 60 ஆண்டுகள். 1960இல் வெளியான ஓர் இசைத்தட்டு 2020 முடிவில் ஒலிப்பதிவு உரிமையிலிருந்து விடுபட்டுவிட்டது. அதே பாடலைக் கண்ணதாசன் எழுதியிருந்தால், 1981இல் சிகாகோவில் மறைந்த அவருடைய வரிகளுக்கு 2041 இறுதிவரை பாதுகாப்பு உண்டு. எம்.எஸ். விசுவநாதன் மெட்டமைத்திருந்தால், 2015இல் மறைந்த அவருடைய பங்குக்கு 2075 வரை. அமெரிக்கச் சட்டமோ அந்த ஒலிப்பதிவுக்கே மேலும் பல பத்தாண்டுகள் காவல் தருகிறது. பிறந்த நாட்டில் காலம் முடிந்துவிட்டதே என்று அது பார்ப்பதில்லை. இணையக் கடையோ எல்லா நாட்டுக்கும் ஒரே நாளில் விற்கிறது. ஆகவே மிக நீண்ட காலம் எதுவோ அதுவே ஆக்குவோரின் கைகளைக் கட்டும்.

'வெண்பா' மேற்கொண்ட வழி

'வெண்பா' விளையாட்டின் இசை இப்பின்னணியில் சிறப்பாக நோக்கத்தக்கது. அதன் சமையல் காட்சிகளில் தமிழ்ப் பாடல்கள் ஒலிக்கின்றன. அவை எத்திரைப்படத்திலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல. ஆல்ஃபா சம்திங் என்னும் இசையமைப்பாளர், தமிழ்த் திரையிசையின் வெவ்வேறு காலத்துச் சாயல்களை உள்வாங்கி, விளையாட்டுக்கெனவே புதிதாக ஆக்கிய பாடல்கள் அவை. கேட்போர் இது எந்தப் படத்தில் வந்தது என்று நினைவைத் துழாவுவர், விடை கிட்டாது.

உரிமச் சிக்கலுக்கு அஞ்சித்தான் அவ்வாறு செய்தனர் என்று கூறுவதற்கில்லை. கலை நோக்கே காரணமாகலாம். காரணம் எதுவாயினும் விளைவு தெளிவானது. பிறர் தவணை முடிந்து விளையாட்டை ஊமையாக்கும் நிலை இங்கு இல்லை. 2024இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சுயாதீன விளையாட்டு விழாவின் முதன்மைப் பரிசையும், அதே ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா அமைப்பின் அறிமுக விளையாட்டுப் பரிசையும் இது பெற்றது.

இதில் ஓர் இழப்பும் உண்டு என்பதைச் சொல்லாமல் விடலாகாது. 1980களில் கடல் கடந்த ஒரு பெண்ணின் சமையலறையில் உண்மையில் ஒலித்தவை ஊரிலிருந்து பெட்டியில் கொண்டுவந்த ஒலிநாடாக்கள். அவற்றில் இருந்தவை பெயர் அறிந்த பாடல்கள். அவற்றின் சாயலைக் கேட்கிறோம், அவற்றையே கேட்கவில்லை. புலம்பெயர் வாழ்வின் வரலாற்றைத் திரும்பச் சொல்லும் பனுவல், அவ்வரலாற்றின் ஒலியை மட்டும் புதிதாகப் புனைய வேண்டியிருக்கிறது. செல்வம் மிக்க பெருநிறுவனம் பாடலை வாடகைக்கு எடுக்கும். சிறு குழு சாயலைப் படைக்கும். சாயல் நீடிக்கிறது, வாடகைக்கு எடுத்தது பத்தாண்டில் போய்விடுகிறது.

பாடவேறுபாடும் நூலகமும்

உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, ஊர் ஊராகத் தேடிய சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளைக் கண்டார். ஒரு சுவடியில் சிதைந்த சொல் மற்றொன்றில் இருந்தது. படிகள் பலவாய்ச் சிதறிக் கிடந்தமையே நூலைக் காத்தது. இணையக் கடை விளையாட்டுக்கும் பாடவேறுபாடு உண்டு: 2018 ஏப்ரலுக்கு முந்தைய வானொலி வேறு, பிந்தையது வேறு. ஆனால் இங்குப் புதிய பாடம் பழையதன் மேலேயே எழுதப்படுகிறது. ஒப்பிட வேண்டிய பழைய சுவடி, எவரேனும் இணைப்பைத் துண்டித்து வைத்திருந்த கணினியிலோ, பழைய வட்டிலோதான் எஞ்சும்.

அமெரிக்காவின் காணொளி விளையாட்டு வரலாற்று நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு, 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்றது. அவை அனைத்துக்கும் இசை உரிமமே காரணம் என்பதன்று. அதுவும் காரணங்களுள் ஒன்று. வழக்கொழிந்த விளையாட்டுகளை நூலகங்கள் தொலைவிலிருக்கும் ஆய்வாளருக்கு இணையம் வழியே காட்ட இசைவு கோரிய விண்ணப்பத்தை 2024 அக்டோபரில் அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் ஏற்கவில்லை. ஆகவே நியூ ஜெர்சியில் இருந்துகொண்டு நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் உள்ள விளையாட்டு அருங்காட்சியகத்தின் ஒரு பழைய விளையாட்டை ஆய விரும்புவோர், அங்கு நேரில் சென்றே ஆக வேண்டும்.

தமிழ் நூலகங்கள் இதில் செய்யக்கூடியவை சில உள. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கொட்டகை வாயிலில் விற்ற திரைப்பாட்டுப் புத்தகங்களைப் போற்றி வைத்திருக்கிறது. விற்ற காலத்தில் எவரும் அவற்றை நூலாகக் கருதவில்லை. இன்று திரையிசை ஆய்வுக்கு அவையே அடிப்படை. விளையாட்டுக்கும் அத்தகைய பாட்டுப் புத்தகம் ஒன்று வேண்டும். எந்நாளில் வெளியான எந்தப் பதிப்பெண், அதில் ஒலிக்கும் பாடல்கள் யாவை, ஒவ்வொன்றின் சொல், மெட்டு, குரல், ஒலிப்பதிவு யாருடையவை, உரிமம் எந்நாட்டுக்கு, எத்தனை ஆண்டுக்கு என்ற விவரங்களை நூற்பட்டியல் பதிவிலேயே சேர்த்தல் வேண்டும். விளையாட்டைச் சட்டப்படி படியெடுக்க இயலாத இடத்திலும் இவ்விவரங்களை எழுதிவைப்பதைத் தடுக்கும் சட்டம் ஏதுமில்லை. ஆக்கியோரும் வெளியீட்டு நாளிலேயே தம் பாடல்களின் தனிப்படிகளையும் பாடல் வரிகளையும் ஒரு நூலகத்தில் ஒப்படைக்கலாம்.

'வெண்பா' விளையாட்டில், அம்மாவின் சமையற்குறிப்பேடு கறைபட்டுக் கிழிந்திருக்கிறது. இட்லித் தட்டை எவ்வரிசையில் அடுக்குவது என்பதை ஆடுபவர்தான் விடுபட்ட வரிகளுக்கிடையே ஊகித்தறிய வேண்டும். அவ்விளையாட்டுக்கு மேற்சொன்ன பதிவை இன்று எழுதுவது எளிது. பாடல்கள் புதியவை, ஆக்கியோர் பெயர்கள் கிடைக்கின்றன. 1980களின் திரைப்பாடல் ஒன்றை உண்மையாகவே உள்ளடக்கி நாளை ஒரு தமிழ் விளையாட்டு வருமாயின், அதற்குப் பதிவு எழுதுவோர், யாரிடம் முதலில் கேட்பது என்பதிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.